எத்தனை தலையணை?

போன மாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க, பாகூர் பக்கம் நான் கடைசியாக வேலை பார்த்த சுகாதார நிலையத்துக்கே போயிருந்தேன். ஓய்வு பெற்றவளை அங்கே வரிசையில் நிற்க விடமாட்டார்கள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிடுவார்கள். ஊசி அறையில் இரண்டு பேர் சாய்வு நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சொட்டுச் சொட்டாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிய கவலையே இல்லாமல், ஏரி மதகை எப்போது திறக்கவேண்டும் என்று சத்தம் போட்டு வாதாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் இதய வால்வில் கிருமித் தொற்று. ஒரு காலத்தில் இந்த நோய்க்காரர்கள் வாரக்கணக்கில் நகரத்து ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு அசைய முடியாது. இப்போது மருந்து ஏற்றிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

புதிதாக வந்திருக்கும் நர்ஸ் கவிதா ஒரு அச்சடித்த தாளை என்னிடம் நீட்டினாள்.

"மேடம், இதுல காய்ச்சல், நாடி, பிரஷர், எடை எல்லாம் சரி. கடைசில 'எத்தனை தலையணை?'ன்னு ஒரு கட்டம் இருக்குது. இது இன்னா மேடம்? யாரு வச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"ஒரு பிரியாணி மாஸ்டர் மேல அநியாயமா பழி போட்டேன். அதுல வந்தது."

அவள் சிரித்துவிட்டாள். முழுக்கக் கேட்டபிறகு, "இத எழுதி வையுங்க மேடம்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் ஒதியம்பட்டுக்காரி. பெயர் தனலட்சுமி. நர்சிங் படித்த வருஷங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுருக்கம் விழாமல் கட்டில் விரிப்பு போடக் கற்றுக்கொண்டேன். நோயாளி முன்னால் அழாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டாவது இன்றுவரை முழுசாக வரவில்லை. பிறகு நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பொது மருத்துவ வார்டில் பல வருஷம் வேலை. டாக்டர் முகுந்தனை அங்கேதான் பார்த்தேன்.

ஒல்லியான மனிதர். தரை துடைப்பவரைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அவர் குரல் எப்போதும் இறங்கியே இருக்கும். அவர் பேசும்போது வார்டே கொஞ்சம் முன்னால் குனியும். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அவர் குரல் காதில் விழாத அளவுக்குப் போய்விட்டால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். நான் முதல் முறை ஒரு நோயாளியைப் பற்றி, "நல்லா இருக்காரு சார்" என்று சொன்னபோது அவர் கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது வாழ்த்து. எனக்குத் தகவல் சொல்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து வரிசையாகச் சொல்லப் பழகினேன்: காய்ச்சல், நாடி, பிரஷர், மூச்சு, எடை, சிறுநீர். வீட்டில் என் கணவர் "இன்னிக்கு எப்படி இருக்கற?" என்று கேட்டால்கூட எண்களில் பதில் சொல்கிறேன் என்று கேலி செய்வார்.

இதயத்தில் வால்வு என்பது கதவு மாதிரி. ரத்தம் முன்னால் போகத் திறக்கும், பின்னால் வராமல் மூடிக்கொள்ளும். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்த சிலருக்கு அந்தக் கதவு பழுதாகியிருக்கும். சொத்தைப் பல் மாதிரி எங்கிருந்தாவது ரத்தத்தில் கலக்கும் கிருமி அதில் போய் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. வாரக்கணக்கில் தினமும் ரத்தத்திலேயே மருந்து ஏற்றவேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல் நின்றுவிடும், பசி வந்துவிடும். "எனக்கு ஒண்ணுமில்ல, வூட்டுக்கு அனுப்பு" என்று ஆரம்பிப்பார்கள்.

ஏம்பலத்திலிருந்து வந்த ராஜகுமாரி அப்படித்தான் சொன்னாள். கரும்பு வெட்டுகிற பெண். "ஒரே ஒரு நாள் சிஸ்டர், பசங்கள பாத்துட்டு வந்துடறன்" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். நான் முடியாது என்றேன். மறுநாள் காலையில் கட்டில் காலி. ஒரு மாதம் கழித்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வால்விலிருந்து ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போயிருந்தது. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு இடது கையை நீட்டினாள்.

டாக்டர் முகுந்தன் அன்று ரவுண்ட்ஸ் முடித்து என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "அவங்க ஓடிப்போனாங்களா, இல்ல நாம போக வச்சமா?"

அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. சில வருஷம் கழித்து எனக்குப் பாகூர் பக்கம் மாற்றலாகி வந்தபிறகு ஒருநாள் போன் செய்தார். "தனலட்சுமி, உங்க ஊசி ரூம்ல ஒரு சாய்வு நாற்காலி போட எடம் இருக்கா?"

இடம் இருந்தது. பழைய அலமாரி ஒன்றைத் தள்ளினால் போதும். காய்ச்சல் நின்றவர்கள் மீதி மருந்தை ஊரிலேயே ஏற்றிக்கொள்ளட்டும் என்பது அவர் யோசனை. அந்த நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தவர் ஜமால் பாய்.

பாகூர் சுற்றுவட்டாரத்தில் கல்யாண பிரியாணி என்றால் ஜமால் பாய்தான். ஐம்பது தாண்டிய, வாட்டசாட்டமான ஆள். ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். விட்டுவிட்டு வந்த காய்ச்சலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றிருக்கிறார். உடம்பு பாதியான பிறகு மகள் நஸ்ரின்தான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். வால்வில் கிருமி. மொத்தம் நான்கு வாரம் மருந்து. இரண்டு வாரம் வார்டில் இருந்தார். காய்ச்சல் நின்றது, ரத்தத்தில் கிருமி இல்லை என்று வந்தது. உடனே மூட்டையைக் கட்டிவிட்டார். காரணம், நஸ்ரினுக்கு நிக்காஹ் தேதி குறித்திருந்தார்கள். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"ஊரு கல்யாணத்துக்கெல்லாம் ஆக்கிப் போட்டவன் சார் நானு. எம் பொண்ணு கல்யாணத்துக்கு கட்டில்ல படுத்துகினு இருப்பனா?" என்று கேட்டாராம்.

டாக்டர் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் அனுப்புவதற்குமுன் அவர் செய்ததைப் பார்க்கவேண்டும். ஸ்கேனில் வால்வு ஒழுக்கு சின்னதுதானா என்று இரண்டு முறை பார்த்தார். எங்கள் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே எத்தனை நிமிஷம் ஆகிறது என்று தானே காரில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். ஒன்று காலியான சாலையில், ஒன்று பள்ளிக்கூடம் விடும் நேரத்தில். எங்கள் அவசர மருந்துத் தட்டைத் திறந்து ஒவ்வொரு குப்பியின் காலாவதித் தேதியையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னை உட்காரவைத்து, குழாயைக் கையாளும் முறையை ஒரு தலையணையில் செய்து காட்டச் சொன்னார். எனக்கு அப்போது முப்பது வருஷ அனுபவம். இருந்தும் செய்து காட்டினேன்.

பாயின் மேல்கையில் மெல்லிய நீளக் குழாய் ஒன்று போட்டிருந்தார்கள். அதன் முனை உள்ளே இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வெளியே இருக்கும் வாயில் ஒரு துளி அழுக்குப் பட்டால் நேரே இதயத்துக்குத்தான். அதனால் முதலில் முழங்கை வரை கை கழுவவேண்டும். அப்புறம் குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து எண்ணும்வரை அழுத்தித் தேய்க்கவேண்டும். காயும்வரை காத்திருக்கவேண்டும், இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். உப்புநீரை ஒரே மூச்சில் தள்ளாமல் விட்டுவிட்டுத் தள்ளிக் குழாயைக் கழுவி, அரை மணி நேரம் மருந்து ஏற்றி, மறுபடி கழுவி மூடவேண்டும். மருந்து ஏறும் நேரத்தில் கண்ணின் உள்இமை, நகம், உள்ளங்கால் எல்லாம் பார்க்கவேண்டும். ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளி தெரிந்தாலும் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

"அரிசி கழுவற மாதிரி கழுவறீங்க சிஸ்டர்" என்பார் பாய். "நானு மூணு தண்ணிதான். நீங்க அஞ்சு."

அவர் வந்த பிறகு எங்கள் ஊசி அறை கல்யாண வீடாகிவிட்டது. நாய்க்கடி ஊசிக்கு வந்தவர்கள்கூட, வேலை முடிந்தும் போகாமல் குஸ்காவில் அடி பிடிக்காமலிருக்க யோசனை கேட்டுக்கொண்டு நிற்பார்கள். பாய் ஒரு கையை அசைக்காமல், மறு கையால் காற்றில் கரண்டி போட்டுக் கிளறிக் காட்டுவார். அடுப்படிக்குப் போகக்கூடாது, அண்டா தூக்கக்கூடாது, உப்பைக் குறைக்கவேண்டும் என்று கட்டளை போட்டிருந்தேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில், அதே லுங்கியோடு எடை பார்ப்போம். ஒரு வாரம் அறுபத்து நான்கிலேயே நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை. எடை அறுபத்தைந்து கிலோவைத் தாண்டியிருந்தது.

"பாய், இன்னா இது?"

"தெரியல சிஸ்டர். மெஷினு ரிப்பேரா?"

மெஷின் சரியாக இருந்தது. வீட்டில் கல்யாணம், சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். வாசலில் ஆடு கட்டியிருந்ததை நானே பார்த்திருந்தேன். எனக்கு ஒரு நொடிகூட சந்தேகம் வரவில்லை. "ருசி பாக்கறேன்னு ஒரு தட்டு உள்ள போயிருக்கும்" என்றேன்.

"அல்லா மேல ஆணையா ஒரு வாயி திங்கல. எனக்குப் பசியே இல்ல."

பசியே இல்லை என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். ஆனால் காதில் வாங்கவில்லை. வியாழக்கிழமை அறுபத்தாறு. எல்லோர் முன்னாலும் திட்டினேன். "உங்களுக்காக டாக்டர் இவ்வளவு பாடுபட்டாரு, வாயக் கட்ட முடியலியா?" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் சத்தமாக இருக்கும் மனிதர் அமைதியாகிவிட்டார். குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன்.

அந்த இரண்டு நாளும் டாக்டர் முகுந்தன் வெளியூரில் தேர்வு நடத்தப் போயிருந்தார். எண்களைப் போனில் செய்தியாக அனுப்பச் சொல்லியிருந்தார். காய்ச்சல், நாடி, பிரஷர், மூச்சு எல்லாம் அனுப்பினேன். எடையை மட்டும் அனுப்பவில்லை. பொய் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. இது எனக்கும் பாய்க்கும் இடையே உள்ள விஷயம், முதலில் இவரைத் திருத்திவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். என் முதல் நோயாளி சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை மீறுகிறார் என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரே போனில் கூப்பிட்டார்.

"நாடி மூணு நாளா படி ஏறுது. எண்பத்துநாலு, தொண்ணூத்திரண்டு, தொண்ணூத்தெட்டு. எடை எங்க?"

"அறுபத்தேழு கிட்ட சார். கல்யாண வூடு... பிரியாணி சார்."

குரல் மிகவும் இறங்கிவிட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பிரியாணி சாப்பிட்டத நீங்க பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"ராத்திரி எத்தன தலகாணி வச்சிப் படுக்கறாரு? கேட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பாய் நாற்காலியில் இருந்தார். நஸ்ரின் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் கேட்டதும் பாய், "ஒண்ணுதான்" என்றார். நஸ்ரின் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொய் சொல்லாதீங்கத்தா. மேடம், மூணு நாளா படுக்கவே இல்ல இவரு. மூணு தலகாணிய அடுக்கி சாஞ்சி ஒக்காந்துகினேதான் தூங்கறாரு. கேட்டா ரூம்ல புழுக்கமா இருக்குதுன்னாரு."

நான் குனிந்து அவர் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. பச்சை மாவில் விரல் வைத்த மாதிரி. சேர்ந்தது பிரியாணி இல்லை, நீர். வால்வு ஒழுகி, இதயம் திணறி, உடம்பில் நீர் தேங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. சொன்னால் கல்யாணத்துக்கு விடமாட்டோம் என்று மறைத்திருக்கிறார். நானும் என் பங்குக்கு மறைத்திருக்கிறேன்.

தலையணைக் கணக்கையும் கால் வீக்கத்தையும் போனில் டாக்டரிடம் சொன்னேன். "இன்னிக்கு மருந்த இங்க ஏத்த வேணாம், நாங்க பாத்துக்கறோம். ஒக்கார வச்சி ஆக்சிஜன் குடுங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்றார்.

பாய் எழுந்து நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது.

"ஞாயித்துக்கெழம நிக்காஹ் சிஸ்டர். திங்கக்கெழம காலைல நானே வந்து படுத்துக்கறன். ரெண்டே நாளு."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். டாக்டர் சொன்னார்: "பாய், ரெண்டு நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. தாங்காதுன்னும் சொல்ல முடியாது. தெரியாத ஒண்ணு மேல உங்க உயிர வைக்க நான் ஒத்துக்க மாட்டேன்."

பாய் அசையவில்லை. ராஜகுமாரியின் காலிக் கட்டில் எனக்கு ஞாபகம் வந்தது. நஸ்ரின்தான் பேசினாள். அழவில்லை, திட்டுகிற குரலில் பேசினாள்.

"அத்தா, நீங்க வராம என் நிக்காஹ் ஒரு நாளு நடந்துடும். பெரியத்தா உங்க எடத்துல வக்கீலா நின்னு எனக்காக சம்மதம் சொல்லுவாரு. அதுக்கப்பறம் வர நாளுக்கெல்லாம் நீங்க இல்லன்னா யாரு வக்கீலா நிப்பா? வண்டில ஏறுங்க."

ஏறினார். ஆம்புலன்ஸ் கதவை மூடும்போதும், "கறிய அந்த வில்லியனூரான் கிட்ட குடுத்துடாதீங்க!" என்று கத்தினார். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயனில்லை. அந்த வில்லியனூர்க்காரரைத் தவிர வேறு பிரியாணி மாஸ்டர் யாரும் அவ்வளவு அவசரத்தில் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தார்கள். வால்வின் ஒரு இதழ் கிழிந்திருந்தது. அன்றே ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. நான் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு டாக்டர் முகுந்தன் அறைக்குப் போய் நின்றேன். "எடைய நான் அனுப்பல சார். என் தப்பு" என்றேன்.

அவர் உட்காரச் சொன்னார். "எடைய மறைச்சது தப்பு. தினம் எடை பாத்தது சரி. ரெண்டும் நீங்க செஞ்சதுதான்" என்றார். பிறகு நாங்கள் தினமும் எண்களை நிரப்பும் தாளை எடுத்து மேஜையில் விரித்து, "அடுத்து வர்ற நர்ஸ் இதே எடத்துல தடுக்கி விழாம இருக்க இதுல இன்னா வேணும்?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் ஸ்கேல் வைத்துக் கடைசியில் ஒரு கட்டம் போட்டார். அதில் என்ன எழுதவேண்டும் என்று என்னையே எழுத வைத்தார்.

அப்படியே வார்டுக்குப் போய்ப் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பழி போட்டது பெருசில்ல சிஸ்டர். திங்காத பிரியாணிக்கு திட்டு வாங்கினன் பாருங்க, அதான் வயித்தெரிச்சல்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணிலும் தண்ணீர் வந்தது.

ஞாயிறு நிக்காஹுக்குப் போனேன். பெரியத்தா வக்கீலாக நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து பாய் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து நான் சாப்பிட உட்கார்ந்ததும் என் போன் அடித்தது.

"சிஸ்டர், உண்மைய சொல்லுங்க. வில்லியனூரான் பிரியாணி எப்படி?"

"அரிசி உதிரியா இருக்கு. கறி வெந்திருக்கு. உப்பு சரியா இருக்கு."

"அப்ப நல்லா இருக்குன்றீங்க?"

"இல்ல பாய். தகவல் சொன்னேன்."

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். நான் தடுப்பூசிப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். என் வேலை வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக எண் எதுவும் சொல்லாமல், "நல்லா இருக்காரு" என்றார்.

பழைய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். உடம்பு தேறியதும் மீதி மருந்துக்கு மறுபடி எங்கள் நாற்காலிக்கே வந்தார். முதல் நாளே, நான் கேட்குமுன், "ஒரு தலகாணி, அதுவும் சின்னது" என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். கடைசி நாள் நான் குழாயை எடுத்தபோது அறையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். அதன்பிறகு அந்த நாற்காலி காலியாகக் கிடந்த வாரங்கள் குறைவு. மொச்சைத் தோட்டக்காரர், சத்துணவு ஆயா, லாரி டிரைவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோருமே தேறினார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருவரும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகவில்லை.

நான் ஓய்வு பெற்ற வாரம் பாய் வீட்டில் விருந்துக்கு அழைத்தார்கள். நஸ்ரினுக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு மாதம். பாய் கட்டிலில் மல்லாக்கப் படுத்திருந்தார். குழந்தை அவர் நெஞ்சில் காதை வைத்துக் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அறை அமைதியாக இருந்ததால் எனக்கும் கேட்டது: உள்ளே உலோக வால்வு மூடித் திறக்கும் மெல்லிய டிக், டிக் சத்தம்.

"இந்தச் சத்தம் இல்லன்னா தூங்கவே மாட்டேங்குது மேடம்" என்றாள் நஸ்ரின் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "நாளைக்கி அத்தாவுக்கு நெட்டப்பாக்கத்துல கல்யாண ஆர்டரு. காலைல போனா சாயங்காலம்தான் வருவாரு. அதுவரைக்கும் இத யாரு தூங்க வைக்கிறது?"

பாய் கண்ணைத் திறக்காமல், குழந்தை எழுந்துவிடாதபடி, வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அப்ப இதயும் கூட்டிகினு போறன், போ."